மச்சாள் போகவிட்ட பஸ்

"மாமி, அம்மா மோசம் போயிட்டா." முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது மச்சாளின் மகள் தொலைபேசியில் இவ்வளவுதான் சொன்னாள். பரமேஸ்வரி மச்சாள் என் கணவரின் தங்கை. உருவின இலையை அப்படியே விட்டு, கரம்பொன்னிலிருந்து சுருவில் ஊருக்குச் செத்தவீட்டுக்குப் போனேன்.

மூன்று வருடத்துக்கு முன் மச்சாளுக்குச் சலத்தோடு இரத்தம் போனது. யாழ்ப்பாணத்தில் சோதித்து, ஒரு சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், நாலு சின்னத் துளை போட்டு, கமராவை உள்ளே விட்டுப் பார்த்துக் கட்டியோடு அந்தச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். டொக்டர் என் முன்னால்தான் சொன்னார்: "காயம் கெதியில் மாறும் அம்மா. மாறிப்போச்சு எண்டு ஸ்கானுக்கு வராமல் விடாதேங்கோ."

தோடம்பழத்தோடு பார்க்க வந்த சனத்துக்குக் காயம் அவ்வளவு சின்னது என்று கண்டதும் முகம் விழுந்துவிட்டது. மச்சாள் விடவில்லை. "இவ்வளவுதான் வெட்டினவை. பழத்தைத் திருப்பிக் கேக்காதேங்கோ." அடுத்த மாதமே மாட்டுக்குத் தண்ணீர் அள்ளினார்.

முதல் ஸ்கானில் ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்குச் சேலை உடுத்து பஸ்ஸுக்கு நின்றார். கோயிலுக்கு வந்த பெண்களோடு நானும் அங்கே நின்றேன். "நுளம்பு கடிச்ச தழும்பைக் காட்ட யாழ்ப்பாணம் போறீரோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வந்த பஸ்ஸைப் போகவிட்டு எங்களோடு கோயிலுக்கு வந்தார். பிறகும் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் இருமல் தொடங்கியது. நுரையீரலுக்குப் பரவியிருந்தது. நேரத்தோடு வந்திருந்தால் தப்பியிருப்பாரோ என்று டொக்டர் சொல்லவில்லை. நேரத்தோடு தெரிந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

கடைசி மாதங்களில் படுக்க ஏலாமல் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். ஒருநாள் பக்கத்தில் இருந்து, "அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"விடும். எனக்குப் போகப் பஞ்சியாய், சோம்பலாய் இருந்தது. உம்மடை பகிடி வசதியாய்ப் போச்சு," என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் இந்த அந்தியேட்டி மலருக்கு எழுத வந்தது ஒரு காரியத்துக்காக. சொன்ன சொல்லை நான் திருப்பி எடுத்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அன்று சிரித்தவர்கள் இதை வாசிப்பீர்கள். உங்கள் முன்னால் சொன்னதை உங்கள் முன்னாலேயே திருப்பி எடுக்கிறேன்.

மச்சாளின் அந்தப் பதிலை மட்டும் வைத்திருக்கிறேன். பஞ்சி என்றார். நாற்பது வருடத்தில் அவர் எதற்கும் பஞ்சிப்பட்டு நான் கண்டதில்லை.