கைநனைக்காத மச்சாள்

எல்சிக்கு வாய் நீளம். தன் அண்ணன் பெண்சாதி அருள்மலர் நிலாவெளிக்கு வந்தால் தன் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று பத்தொன்பது வருடமாகக் கோயில் வாசலில் நின்று சொல்லிவந்தாள். கடல்தொழில்காரனைக் கட்டிய தன் வீட்டில் கைநனைக்க மச்சாளுக்கு அருவருப்பாம். ஊரும் நம்பியது.

அந்த ஊரை அருள்மலருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் சாப்பிடாததற்குக் காரணம் வேறு. மகள் றெஜினா பிறந்தபோது கிழிந்த தசை சரியாகப் பொருந்தவில்லை. மலம் வந்தால் அடக்க ஏலாது. சாப்பிட்டதும் குடல் அசையும். பிறகு எப்படிப் பஸ் ஏறித் திருகோணமலைக்குத் திரும்புவது? அதனால்தான் பட்டினி. சாபம் என்று நினைத்துப் பல வருடம் அழுதாள். கடைசியில் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, "இது பிள்ளை பெத்த காயம், வேறொண்டுமில்லை" என்று அதட்டினாள். காலையில் தேநீர் குடித்த கையோடு, தினமும் ஒரே நேரத்தில் கக்கூசுக்குப் போகப் பழக்கினாள். ஆசனவாயை இறுக்கிப் பத்து எண்ணி விடவும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருடமாகச் சேலையில் கறையில்லை. ஆனாலும் வெளியில் சாப்பிடப் பயம்.

1964இல் றெஜினாவுக்கும் எல்சியின் மகன் பேணாட்டுக்கும் மோதிரம் மாற்ற நாள் வைத்தார்கள். றெஜினாவுக்கு அவன் மேல் உயிர். அன்று தன் வீடு நிறைய ஆட்கள் இருக்க, எல்சி சோற்றுக் கோப்பையை அருள்மலர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ மச்சாள். இல்லாட்டி மோதிரமுமில்லை, சம்பந்தமுமில்லை."

அருள்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்சியைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றும் கேட்டாள். எல்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். வெளியே வந்து, "சரி, மாத்துங்கோ" என்றாள். மோதிரம் மாறியது.

அருள்மலர் புறப்பட எழுந்ததும் எல்சி அவள் உட்கார்ந்திருந்த கதிரையை இரண்டு விரலால் தூக்கி முற்றத்தில் வைத்து, வாளித் தண்ணீரை ஊற்றினாள். கதிரையில் ஒரு பொட்டு ஈரமும் இருக்கவில்லை.

"மச்சாளுக்குப் பின்னால நிக்காதாம். கழுவத்தானே வேணும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள்.

"என்னம்மா கதைக்கிறா மாமி?"

"உன்னைப் பெத்தபோது கிழிஞ்சதைக் கதைக்கிறா."

றெஜினா பேணாட்டைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மோதிரத்தைக் கழற்றி அந்த ஈரக் கதிரையில் வைத்தாள்.

"மாமி, இதையும் கழுவி எடுங்கோ."

இந்தச் சம்பந்தத்துக்காகத்தான் அருள்மலர் குசினிக்குள் வாய் திறந்தாள். இப்போது அவள் மகளைத் தடுக்கவில்லை.