எஸ்தர் அக்கா ஒட்டிய சிவப்பு அம்பு

எஸ்தர் அக்கா போய்விட்டார். இன்று காலை, ஆம்பூரில், அவர் வீட்டிலேயே.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் இதை ஃபேஸ்புக்கில் போட்டுவிட வேண்டும். ஒரு விரலால் அடிக்கிறேன். இன்றைக்கு எனக்கு என்ன நடந்தது தெரியுமா!

ஷூ கம்பெனியில் என் தையல் லைனில் இருந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். செக்கிங் டேபிள் எஸ்தர். நாங்கள் தைத்து அனுப்பும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பி, உள்பக்கம் பார்ப்பார். ஒரு தையல் விட்டிருந்தாலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அங்கே ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

நானும் அவரும் பேசி இருபது வருஷம் ஆகிறது. தெரியாதவர்களுக்குக் காரணம் சொல்கிறேன்.

சர்ச்சுக்கு ஒரு திருவிருந்து மேசை விரிப்பு தைத்தேன். வெள்ளைத் துணி, நடுவில் ஊதாச் சிலுவை. ஷிஃப்ட் முடிந்து வந்து இரண்டு மாதம் உட்கார்ந்தேன். அஞ்சாவதோடு நின்றவள்... பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வேகமாகப் பாட வராது. கை வேலைதான் என் காணிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் விரிக்கும்போது அக்கா வந்து ஒரு மூலையைத் திருப்பினார். கைப்பையைத் திறந்தார். அம்பை எடுத்து ஒட்டினார். சபையார் எல்லார் முன்னாலேயும்!

"சாந்தா, மூணு தையல் வுட்டுப்போயிருக்குது பாரு."

"அது செவுத்துப் பக்கம் போற மூலக்கா. யாரு பாக்கப்போறாங்க?"

"எவனோ கால்ல போடற ஷூவுல இப்டி இருந்தா அனுப்புவோமா? ஆண்டவருக்குன்னா மட்டும் போதுமா?"

"ஆண்டவர் மனசப் பாக்கறவரு. உன்ன மாதிரி தையல் எண்றவரு இல்ல!"

துணியைச் சுருட்டி அவர் மேலேயே எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு மூன்று பேர் சிரித்தீர்கள். மூன்று பேரும் இந்த ஃபேஸ்புக்கில் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்... நீங்கள் கட்டியிருந்த புடவை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் சர்ச்சுக்கு நான் ஒரு கைக்குட்டைகூடத் தைக்கவில்லை.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் தூக்கின மனுஷன், கட்டிலோடு கிடந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, அக்கா நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரரைப் புரட்டி முதுகைப் பார்த்தார். நான் பார்க்காத இடத்தில் சிவந்திருந்தது. வெந்நீர்த் துண்டால் துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நாற்பத்தோரு நாள்!

நான் டீ போட்டு ஜன்னலில் வைப்பேன், கையில் கொடுக்க மாட்டேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி அதே ஜன்னலில் கவிழ்ப்பார்.

வீட்டுக்காரர் குழறிக் குழறிக் கேட்பார், "இன்னா எஸ்தரு... ரெண்டு பேரும் ஊமையா?"

"நீ அந்தப் பக்கம் திரும்புண்ணா" என்பார் அக்கா.

வீட்டுக்காரர் கண்ணை மூடும்வரை முதுகில் ஒரு புண் வரவில்லை. அடக்கம் முடிந்த பிறகும் நாங்கள் பேசவில்லை. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை, நான் இறங்கி வரவில்லை.

இன்று காலை அவர் மகள் ஷீபா ஃபோன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க. பெட்டி மேல நீங்க தச்ச துணியத்தான் போத்தணும்னு சொல்லியிருக்காங்க. ஆனா நீங்க வந்து ஒரு தபா பாக்கணுமாம்."

ஓடினேன். மூட்டுவலி எங்கே போனதோ தெரியவில்லை.

ஷீபா பீரோவில் இருந்து எடுத்தாள். பிளாஸ்டிக் கவரில், பாச்சை உருண்டை போட்டு... என் துணி! மூலையில் அந்த அம்பு! சிவப்பு வெளுத்திருந்தது, இடம் மாறவில்லை.

"தொவைக்கவே வுட மாட்டாங்க ஆன்ட்டி, ஸ்டிக்கர் பூடும்னு. மூணு தையல்தானம்மா, நீயே போட்டுடேன்னு எத்தினி தபா கேட்டேன். 'அது அவ காணிக்கடி, நான் கை வெக்கக்கூடாது. சாந்தா வருவா'ன்னுட்டாங்க."

இருபது வருஷம்!

அக்கா வீட்டு மெஷினிலேயே உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கவே நாலு தடவை ஆனது. பக்கத்தில் நின்ற ஒருத்தி சொல்கிறாள், "ஆயா, மண்ணுக்குள்ள போற துணி. யாரு பாக்கப்போறாங்க?"

அன்றைக்கு என் வாயில் இருந்து வந்த அதே வார்த்தை!

"வாய மூடுடி!" என்று கத்திவிட்டேன். பெட்டி பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று தையல் போட வந்தவள் மூலை முழுவதையும் பிரித்தேன். இப்போது பார்த்தால் மடிப்பே கோணல்! அக்கா அன்றைக்கு அதைச் சொல்லவே இல்லை. அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது... மூன்று தையலை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விட்டிருக்கிறார்.

மடிப்பை நகத்தால் நீவி நீவி நேராக்கினேன். தைத்தேன். திருப்பிப் பார்த்தேன். ஷீபாவையும் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஒரு தையல் விடவில்லை!

ஸ்டிக்கரை நானே உரித்தேன். கீழே போட மனசு வரவில்லை, கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

எல்லார் முன்னாலேயும் ஒட்டினதுக்குக் கோபம் இன்னும் இருக்கிறது அக்கா. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

வண்டி வந்துவிட்டது... துணியைப் போர்த்துகிறார்கள். நான் தைத்த மூலை கால்மாட்டில்தான் இருக்கிறது.

போய் வா அக்கா. திருப்பிப் பாத்துக்கோ.