தண்ணிக்கதவுக்கு அடித்த மஞ்சள்

வருஷத்துக்கு ஒரு வாரம் எங்க ஊருக்குச் சுத்தம் வந்துடும். கிள்ளானைத் தாண்டிக் கடலோரமா போனா வர்ற சின்ன ஊரு. மத்த நாள்ல லோங்காங், அதான் சாக்கடைக் கால்வாய், அடைச்சு நாறினாலும் ஏன்னு கேக்க நாதி கிடையாது. கடற்கரை வாரம்னு ஒண்ணு வரும் பாருங்க, அப்பதான் கூத்து. காரு போற சடக்கு ஓரக் கல்லுக்கெல்லாம் கருப்பு வெள்ளை அடிப்பாங்க. கூடாரம் போடுவாங்க. பெரிய மனுஷர் ஒருத்தர் புது பூட்ஸோட சேத்துல இறங்கி பாக்காவ், அதான் அலையாத்தி மரக் கன்று நடுவாரு. போன வருஷம் நட்டது செத்துக் குச்சியா நிக்கும். அதைப் பிடுங்கிட்டு அதே குழியில புதுசு வைக்கிறது வழக்கம். குழி தோண்டுற செலவு மிச்சம் பாருங்க.

நான் பெயிண்டர். கல்லுக்கும் கம்பிக்கும் வருஷா வருஷம் நான்தான் அடிக்கிறேன். அதனால இந்தக் கூத்தைப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை இருக்கான்னு கேட்டா, இல்ல. இருந்தாலும் பேசுறேன்.

ஊரோட பெரிய லோங்காங் கடல்ல போய்ச் சேர்ற இடத்துல ஒரு தண்ணிக்கதவு இருக்கு. இரும்புப் பலகை, மேல ஒரு சக்கரம், நடுவுல ஆள் உயரத்துக்கு ஒரு திருகுக் கம்பி. கடல் ஏறுறப்ப சக்கரத்தைச் சுத்திக் கதவை இறக்கணும், வத்துறப்ப ஏத்தணும். இறக்கலன்னா கடல் நேரா பின்னாடி இருக்கிற ரெண்டு வரிசை வீட்டுக்குள்ள வந்துடும். அந்தக் கதவைப் பார்த்துக்க ஒரு அண்ணன் இருந்தாரு. என்னைவிட நாலஞ்சு வயசு மூப்பு. வருஷ காண்ட்ராக்ட் வேலை. கதவுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன கோட்டர்ஸ், அதுல அவரும் அவரு சம்சாரம் அக்காவும். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு.

அந்த வருஷம் எங்களுக்கு வேலை கொடுக்கிற சூப்பர்வைசருக்குப் புது யோசனை வந்துடுச்சு. கன்று நடுற இடத்துல படம் எடுத்தா பின்னாடி கதவு தெரியுதாம். கருப்பா எண்ணெய் வழிஞ்சு அசிங்கமா இருக்காம். மஞ்சள் எனாமல் அடிக்கணும், கம்பி, சக்கரம் ஒண்ணு விடாம.

அண்ணன் ஓடி வந்தாரு. "கதவுக்கு அடி தம்பி, சக்கரத்துக்கு அடி. திருகுல மட்டும் வேண்டாம். அது கிரீஸ்லதான் ஓடுது. பெயிண்ட் காஞ்சா கல்லு மாதிரி பிடிச்சுக்கும்."

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவரு போனைப் பார்த்துக்கிட்டே, "படத்துக்குத்தான் லா, பிறகு பார்த்துக்கலாம்"னாரு.

எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா பிரஷ் பிடிக்கிறேன். தெரிஞ்சுதான் செஞ்சேன். பட்டிக் கத்தியால கிரீஸை வழிச்சு வழிச்சு ஒரு பிஸ்கட் டின்ல போட்டேன். டின் நிறைஞ்சுடுச்சு. அவ்வளவு கிரீஸ், தளதளன்னு, அந்த மனுஷன் அப்படி வச்சிருந்தாரு. "தூக்கிப் போட்டுடாத, திரும்பப் பூசணும்"னு அண்ணன் சொன்னாரு. டின்னை என் லோரியில வச்சேன். தின்னர் போட்டுத் துடைச்சு, கீழ்க்கோட்டு ஒண்ணு, மஞ்சள் ரெண்டு கோட்டு. பளபளன்னு கோயில் தேர் கணக்கா நின்னுச்சு.

அந்த வாரம் கடல் சின்னது. கதவை இறக்கத் தேவை இல்ல. அதனால ஏத்தின மேனிக்கே நின்னுச்சு. விழா முடியுற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, பெயிண்ட் உரிஞ்சிடும்னு உத்தரவு. பெரிய மனுஷருக்கு வேற எங்கயோ ரிப்பன் வெட்டுற வேலை வந்து விழா ஒரு வாரம் தள்ளிப் போச்சு. பெயிண்ட் நல்லா வெயில்ல காஞ்சு இறுகிடுச்சு. கடல் மட்டும் யாருக்காகவும் தள்ளிப் போகல. விழா நடந்த அன்னைக்கு மத்தியானம் பெரிய தண்ணி.

படம் எடுத்தாங்க, கைதட்டினாங்க, நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் கொடுத்தாங்க. வந்தவங்க காரு காடியெல்லாம் கிளம்பினதும் அண்ணன் சக்கரத்தைப் பிடிச்சாரு. அசையல. மண்ணெண்ணெய் ஊத்தினாரு. சுத்தியல்ல தட்டினாரு. கூடாரம் பிரிச்சுக்கிட்டு இருந்த ஆளுங்க நாலு பேரோட நானும் சேர்ந்து, சக்கரத்துல பைப் மாட்டித் தொங்கினேன். கதவு ரெண்டு சாண் இறங்குச்சு. அப்புறம் கம்பி வளைஞ்சுடுச்சு. கீழ கடல் உள்ள போய்க்கிட்டே இருக்கு. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. திட்டியிருந்தா தேவலை.

ரெண்டு வரிசை வீட்டுலயும் முழங்காலுக்கு மேல தண்ணி. மெத்தை, பிரிட்ஜ், பிள்ளைங்க சர்டிபிகேட், ஒண்ணும் மிஞ்சல. சனங்க வந்து யாரைக் கேட்டாங்க? பெரிய மனுஷரையா? அண்ணன் சட்டையைப் பிடிச்சு, "தூங்கிட்டியாய்யா?"ன்னு கேட்டாங்க.

விசாரணை வந்துச்சு. ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டாங்க. அண்ணன் முதல்ல போயிட்டு வந்தாரு. வெளிய வந்து என் தோளைத் தட்டி, "கிரீஸ் இருந்துச்சு, வழிச்சது பெயிண்டர், அவர்கிட்டயே கேளுங்கன்னு சொல்லிட்டேன் தம்பி. நீ உள்ளதைச் சொல்லு, போதும்"னாரு.

உள்ள போனேன். அதிகாரி மேசைக்கு இந்தப் பக்கம் சூப்பர்வைசர் உட்கார்ந்திருக்காரு. அடுத்த வருஷ டெண்டர் அவரு கையில. என் ரெண்டு பிள்ளைங்க காலேஜ்ல. அதிகாரி மலாய்ல கேட்டாரு, பெயிண்ட் அடிக்கிறப்ப கம்பியில கிரீஸ் இருந்துச்சான்னு. பிஸ்கட் டின் கீழ கார் பார்க்ல, என் லோரியில, சீட்டுக்கு அடியில இருக்கு. போய் எடுத்துட்டு வர ரெண்டு நிமிஷம்.

"தாக் நம்பாக்"னேன். நான் பார்க்கலன்னு.

அவ்வளவுதான். அதிகாரி எழுதிக்கிட்டாரு, கம்பி காய்ஞ்சு கிடந்துச்சு, பராமரிப்பு இல்லன்னு. என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அடிச்சுக்கல. கீழ போய் கோப்பி குடிச்சேன்.

அண்ணனுக்குக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கல. கோட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மேருவுல மகள் வீட்டுக்குப் போறோம், லோரி வேணும்னு அக்கா என்னைத்தான் கேட்டாங்க. கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாம் நானே ஏத்தினேன். வழியில அண்ணன் விசாரணையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எல்லாம் தெரிஞ்சு, பெரிய மனசு பண்ணி விட்டுட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன். அவரு காலுக்குக் கீழதான் அந்த டின் உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

கதவு இன்னும் அப்படியே பாதியில நிக்குது. புதுக் கம்பிக்கு டெண்டர் கூப்பிடப் போறாங்களாம். பெரிய தண்ணி நாள்ல வீட்டுக்கு வீடு வாசல்ல மண் மூட்டை. கடற்கரை வாரம் வந்தா வளைஞ்ச கம்பிக்கு மேல நான் புது மஞ்சள் அடிக்கிறேன். படத்துல நல்லாத்தான் தெரியுது.

போன மாசம் மேருவுல ஒரு தொழிற்சாலைக்கு கேட் அடிக்கப் போனேன். காடியை நிறுத்துற தடுப்புக்கட்டை, அதுக்குப் பக்கத்துல காவலுக்கு இருக்கிற கார்டு ரூம். உள்ளேர்ந்து யூனிபார்ம் போட்டுக்கிட்டு வந்தது அண்ணன்தான். அவரு சிரிச்சாரு. "வா தம்பி, பசியாறிட்டியா?"ன்னாரு. "கட்டையோட கீல்ல கிரீஸ் வச்சிருக்கேன், பார்த்து அடி."

அந்தக் கீலை நியூஸ்பேப்பர் சுத்தி, டேப் ஒட்டி, ஒரு பொட்டு படாம அடிச்சேன். என் ஆயுசுல அவ்வளவு பதமா நான் அடிச்சதில்ல. அடிக்க அடிக்க மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். அண்ணே, அன்னைக்கு உள்ள நான் பொய் சொல்லிட்டேன்ணே. இன்னைக்குச் சொல்லிடணும், முடிச்சதும் சொல்லிடணும்.

முடிச்சேன். பிரஷைக் கழுவிட்டு அவர்கிட்ட போனேன். கூட இன்னொரு கார்டு நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அண்ணன் என் தோள்ல கையைப் போட்டு அவர்கிட்ட சொன்னாரு:

"நான் சொல்வேன்ல, அந்தத் தண்ணிக்கதவு விஷயம். அத்தனை பேர்ல இவரு ஒருத்தருதான் எனக்காக உள்ள போய் உண்மையைப் பேசினவரு. அவனுங்க எழுதிக்கல. இவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

அந்தக் கார்டு எனக்குக் கை கொடுத்தாரு. அந்தக் கையை வாங்கிக்கிட்டேன்.

"பெயிண்ட் ஈரமா இருக்குண்ணே"ன்னேன். "ரெண்டு மணி நேரத்துக்குக் கட்டையைத் தொடாதீங்க."