நானூத்திப் பன்னெண்டோட பொண்டாட்டி இங்கிலீஷ் படிச்சது

தங்கச் சுரங்கத்து ஊரு சாம்பியன் ரீப்ஸ்ல எங்க வேதக் கோயிலுக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாய். அதுலதான் பொம்பளைங்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ், மத்தியானத்துல. மொத்தம் மூணு கிளாஸ். முதல் கிளாஸை, கோயில்ல வேதம் சொல்லிக் குடுக்கற உபதேசியாரோட சம்சாரம் நடத்துவாங்க. சிலேட்டு, பல்பம், ஏ பி சி டி. ரெண்டாவதுல வெள்ளைக்காரத் தொரசானியம்மா வந்து உக்காருவாங்க, அவங்க சொல்றதை உபதேசியார் சம்சாரம் தமிழ்ல எடுத்துச் சொல்லுவாங்க. மூணாவதுல தமிழுக்கே எடமில்ல. வாயைத் தொறந்தா இங்கிலீஷ்தான் வரணும். அதுல தேறினவளைத்தான் பொட்டப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சரா வெச்சிக்குவாங்க.

எனக்கு அந்த மூணாவது கிளாஸ் மேல ஒரே வெறி. காலையில, தங்கக் கல்லை ஒடைச்சி அரைக்கிற ஆலையாண்ட கல்லு பொறுக்கற வேலை எனக்கு. வெயில்ல குந்திக்கினு பொறுக்கிப் பொறுக்கி வெரல் நுனியெல்லாம் வெடிச்சிப்போயிருக்கும். இந்தக் கையால போர்டுல எழுதணும், பிள்ளைங்க அதைப் பாத்து எழுதணும். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்னு இருந்தேன்.

ரெண்டாவது கிளாஸுக்கு வந்த பொறவு நடந்ததை இப்ப நெனைச்சாலும் மேலு சிலுக்குது. ஊரிகம் ரயில் ஸ்டேஷன் பக்கமா நடந்து போறேன். எத்தினியோ தபா பாத்த போர்டுதான். அன்னிக்கி அது தானாவே பேசுது! ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் பாக்கறேன், ஊர் பேரு வருது. அடேயப்பா! நடுரோட்டுல நின்னு கத்திட்டேன். வண்டிக்காரன் ஒருத்தன் மாட்டை நிறுத்தி, "இன்னாம்மா, பாம்பா?"ன்னு கேட்டான். அப்புறம் பாத்தா எண்ணெ டின்னு, தீப்பெட்டி, ஆஸ்பத்திரிக் கதவு, எல்லாத்துலயும் எழுத்து. இத்தினி நாளும் இதுங்க என்னைச் சுத்திப் பேசிக்கினுதான் இருந்திருக்குது.

இன்னொண்ணு கேளுங்க. அந்தப் பாஷையில எல்லாருக்கும் ஒரே 'யூ'. மேனேஜர் தொரைக்கும் யூ, கல்லு பொறுக்கற எனக்கும் யூ. நான் தொரசானியம்மா மூஞ்சியப் பாத்து 'யூ'ன்னு சொன்ன அன்னிக்கி, வெளிய தொரத்திடுவாங்கன்னு சிலேட்டைக் கையில எடுத்துக்கினேன். அவங்க பாட்டுக்குத் தலையாட்டறாங்க! இப்படியும் ஒரு பேச்சு ஒலகத்துல இருக்குதான்னு வாயைப் பொளந்துக்கினு உக்காந்திருந்தேன்.

மூணாவது கிளாஸுக்கு ஏத்தறதுக்கு ஒரு பரீட்சை. எழுந்து நின்னு தொரசானியம்மா கேக்கறதுக்கெல்லாம் முழுசா இங்கிலீஷ்ல பதில் சொல்லணும். ஊர் கேட்டாங்க, சொன்னேன். வேலை கேட்டாங்க, சொன்னேன். புருஷன் பேரு இன்னான்னு கேட்டாங்க.

நானும் கடகடன்னு சொல்லிட்டேன், "மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் போர் ஹண்ட்ரட் அண்ட் ட்வெல்வ்."

இதுல இன்னா தப்புன்னு எங்க பொம்பளைங்க ஒருத்திக்கும் தெரியல. சுரங்கத்துல எறங்கற ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட பித்தளைப் பில்லை உண்டு. பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது, சொன்னா அவரு ஆயுசு கொறைஞ்சிடும். அதனால ஆஸ்பத்திரியோ கடையோ, யாரு கேட்டாலும் நாங்க நம்பரைத்தான் சொல்லுவோம். என் கல்யாணத்துலகூடப் பாதிரியார் அவரு பேரைச் சொல்லச் சொன்னப்போ தலையை மட்டும் ஆட்டினேன், அவரும் போனாப் போவுதுன்னு விட்டுட்டார்.

தொரசானியம்மாவுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. மனுசனோட பேரைப் புடுங்கிக்கினு நம்பர் குடுத்துட்டாங்களா, இப்பவே மேனேஜர் தொரையைப் போய்க் கேக்கறேன்னு குடையைத் தூக்கிட்டாங்க! உபதேசியார் சம்சாரம் ஓடிப்போய் மறிச்சி விஷயத்தை வெளக்கினாங்க. கேட்டுட்டு அந்தம்மா மெதுவா உக்காந்தாங்க. ஆனா பரீட்சைன்னா பரீட்சைதானாம், பேரைச் சொன்னாத்தான் மூணாவது கிளாஸாம்.

பக்கத்துல இருந்தவ, எங்க கூலி லைன்ல அடுத்த வூட்டுக்காரி, என் இடுப்புல இடிச்சா. "எமனுக்கு இங்கிலீஷ் தெரியாதுடி, சொல்லித் தொலை!"

கொட்டாயே சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரல. அவரு அந்நேரத்துக்குப் பூமிக்கு அடியில இருக்கறாரு. மேல பாறை எப்ப வெடிக்கும், எப்ப சரியும்னு யாருக்குத் தெரியும்? பயம்னா அப்படி ஒரு பயம். கையை நீட்டினா டீச்சர் வேலை, வாயைத் தொறந்தா அவரு உசுரு.

"ஷிப்ட் முடியட்டும்மா. அவரு மேல வந்து வெயில்ல நின்னாருன்னா, அவரைப் பாத்துக்கினே சொல்றேன்"னு அழுதுட்டேன்.

உபதேசியார் சம்சாரம் அதைச் சொன்னதும் தொரசானியம்மா என்னையே பாத்தாங்க. அப்புறம் மறுபடியும் குடையை எடுத்தாங்க. "கம் வித் மீ"னாங்க.

மொத்தக் கிளாஸும் சுரங்கத்து கேட்டுக்குக் கெளம்பிடுச்சி. முன்னால தொரசானியம்மா, பின்னால சிலேட்டைக் கக்கத்துல வெச்சிக்கினு நாங்க. கேட்டுக் காவக்காரன் பயந்துபோய் எழுந்து சலாம் போட்டான்.

ஷிப்ட் முடியற சங்கு ஊதிச்சி. கேஜுங்கற இரும்புக் கூண்டு மேல வந்து வந்து ஆளுங்களை எறக்குது. எல்லாரும் மண்ணு, எல்லாரும் ஒரே நெறம். வரிசையா நின்னு பில்லையைத் திருப்பிக் குடுத்துட்டு வராங்க. கடைசியில அவரும் வந்தாரு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கினு. என்னைப் பாத்துட்டு, "இன்னா, யாருக்கு இன்னா ஆச்சி?"ன்னு பதறினாரு.

தொரசானியம்மா கேள்வியைக் கேட்டாங்க. நான் அவரு மூஞ்சியையே பாத்துக்கினு முழு வாக்கியமும் சொன்னேன், பேரோட. கேட்டாண்ட இருந்த ஆம்பளைங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"மண்டே, தேர்ட் கிளாஸ்"னாங்க தொரசானியம்மா.

அவரு விறுவிறுன்னு வூட்டைப் பாக்க நடந்தாரு. கூட்டாளிங்க கிண்டல் பண்ணதுக்கும் திரும்பல. எனக்குப் பகீர்னு இருந்துச்சி, கோவமோன்னு. எங்க வூட்டுக் கதவாண்ட வந்துதான் நின்னாரு.

"கீழ நான் நம்பரு. கூட்டாளிங்களுக்கு நான் நெட்டை. உனக்கு 'இன்னாங்க'. எங்கம்மா செத்ததுலேர்ந்து அந்தப் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடல"ன்னாரு. அப்புறம், "இன்னொரு தபா சொல்லு."

"இங்கிலீஷ்லயா?"

"வேணாம். எங்கம்மா மாதிரி, வெறும் பேரு."

லைன்ல யாராவது பாக்கறாங்களான்னு ரெண்டு பக்கமும் பாத்தேன். பாத்துக்கினுதான் இருந்தாங்க. கூப்பிட்டேன்.