மீன் தின்னாமல், பிள்ளையைத் தொடாமல்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கடற்கரையில் பிறந்தவளிடம் மீன் தின்னாதே என்றால் எப்படி இருக்கும்? கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்த பிறகு திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள். மிச்ச நோயைக் கருக்க, கதிர்வீச்சுள்ள அயோடின் மருந்து தருவார்களாம். கடல்மீனிலும் பாக்கெட் உப்பிலும் அயோடின் உண்டாம். கழுத்து அதைத் தின்று நிறைந்துவிட்டால் மருந்தை ஏற்காதாம். நான் வெறும் மரச்சீனிக் கிழங்கைத் தின்ன, வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து சாளைமீன் கறியை உறிஞ்சினார்.

“ஏட்டி, மணத்த பிடிச்சுக்க. அதுல அயோடின் கெடையாது.”

“நீரு வாய மூடிட்டுத் தின்னும். மருந்து குடிச்சிட்டு வந்து ஒம்ம மடியில இருக்கேன், அப்பத் தெரியும்.”

மருமகள் சிரிக்கிறாள். இதையும் எழுதடி.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தனி அறை. ஒரே பெருமை! என் கக்கூசுத் தண்ணீருக்குக்கூட மண்ணுக்கடியில் தனித் தொட்டி. வீரியம் தணிந்த பிறகுதான் வெளியே விடுவார்களாம். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கே தொட்டி கிடையாது. பிறகு படம் எடுத்தார்கள். என் உடம்பிலிருந்து வரும் கதிரையே மெஷின் பிடித்துப் படமாக்குமாம். கழுத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தது. அதுதான் மிச்ச நோயாம்.

டாக்டர் எங்கள் பக்கத்துத் திருவட்டாற்றுப் பெண். வீட்டுக்காரர் சட்டையில் குத்தச் சொல்லி, கதிரை அளக்கும் வில்லை ஒன்று தந்தாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு படுகிறது என்று ஆராய்ச்சியாம்.

“வீட்டுல பிள்ள உண்டா பாட்டி?”

“மகளுக்க பிள்ள. இன்னும் நடக்கல்ல.”

“அப்ப நான் சொல்லுத நாள் வரைக்கும் தூக்கப்பிடாது, கேட்டீளா?”

அந்த வில்லையோடு அவர் மீன் ஏலத்துக்குப் போனார், கலெக்டர் மாதிரி.

பிரசவத்துக்குக் கல்ஃபிலிருந்து வந்திருந்தாள் மகள். பிறந்ததிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டியது நான்தான். திரும்பி வந்த என்னைக் கண்டதும் தாய் இடுப்பிலிருந்து கை இரண்டையும் நீட்டிப் பாய்ந்தது. நான் பின்னால் போனேன். அழுதது. மறுநாளும் நீட்டியது, மறுநாளும் போனேன். அடுக்களை வாசலில் நின்று கைதட்டினேன், பாடினேன். கொஞ்ச நாளில் கை நீட்டுவதை விட்டது. என்னைக் கண்டால் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

டாக்டர் சொன்ன கெடு முடியுமுன்னே மகள் திரும்பிப் போகிற விமானத்துக்கு நாள் வந்துவிட்டது. கார் வாசலில் நின்றது.

“அம்மா, ஒரு தடவ தூக்கு. ஒரு நிமிசத்துல என்ன ஆவும்?”

“வேண்டாம் மக்கா. கொண்டு போ.”

மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். கழுத்தில் பொட்டு இல்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மனதில் கிடந்ததை அவளிடம் கேட்டேன்.

“அண்ணைக்கு ஒரு நிமிசம் தூக்கியிருந்தா?”

“கடைசி நாள்ல ஒரு நிமிசம்னா ஒண்ணும் ஆயிருக்காது பாட்டி. என்கிட்ட ஒரு போன் போட்டிருக்கலாமே.”

போனில் பிள்ளை முகம் வந்தால் இப்போதும் என் கால் தானாகப் பின்னால் போகிறது.

“மொகமே தெரியல்ல,” என்று கத்துகிறாள் மகள். “கிட்ட வாம்மா.”