பாதிக் காடு மஞ்சள்

காலை ஏழு பதினைந்து. முதலில் கண்ணில் பட்டது, உரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் வேரோடு கிடந்த ஒரு பல். ஆறடி தள்ளி உரம் போடுபவர் குப்புறக் கிடந்தார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அவர் முதுகில் முழங்காலை ஊன்றி வலது கையைப் பின்னால் முறுக்கியிருந்தார். இரண்டு பேர் இடுப்பில் உதைத்தார்கள்.

"எத்தன மூட்டடா வித்த?"

"ஒண்ணுகூட விக்கலண்ணே. புள்ள மேல சத்தியம்."

"நாலு புள்ளதான் வச்சிருக்க. பாத்து செலவு பண்ணுலா."

உதைத்தவர்கள் சிரித்தார்கள்.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே தரையை மூட ஒரு பயற்றங்கொடி விதைத்திருந்தோம். இரண்டு மாதத்தில் பாதிக் காடு கரும்பச்சை, பாதி மஞ்சள். நடுவில் கோடு கிழித்தது போல இருந்தது. மஞ்சள் பாதிக்கு வந்த உரத்தை அவர் விற்றுவிட்டார் என்பது மண்டோரின் முடிவு. ஒன்பது மணிக்கு மேனேஜர் வருவார். அவரும் நம்பினால் வேலை போகும். தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

நான் காட்டுக்கு ஓடினேன். மஞ்சள் பாதியின் மண்ணில் சாம்பல் நிற உரத்தூள் அப்படியே கிடந்தது. அது வெறும் பாஸ்பேட், அதில் நைட்ரஜன் கிடையாது. பச்சைப் பாதியில் ஒரு கொடியைப் பிடுங்கினேன். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இரத்தச் சிவப்பு. மஞ்சள் கொடியின் வேர் வெறும் நூல்.

அந்த முடிச்சுகளுக்குள் இருப்பவை பாக்டீரியா. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடிக்கு ஊட்டும். கொடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும். எங்கள் மண் ஈயச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மணல். அதில் அவை தானாக இருப்பதில்லை. விதையோடு கறுப்பு மாவாகப் பொட்டலத்தில் வந்தன. மேனேஜர் பங்களா ஐஸ்பெட்டியில், பீர் போத்தல்களுக்கு நடுவே வைத்திருந்தோம். வெயில் படக் கூடாது, கலந்த கையோடு விதைக்க வேண்டும் என்று பொட்டலத்தில் அச்சடித்திருந்தது. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

முனியாண்டி முன்னால் விதையை வைத்துப் பூசை போடாமல் எங்கள் தோட்டத்தில் விதைப்பு தொடங்காது. விதைப்பின் முதல் நாள் காலை ஏழு மணிக்கே விதையில் மாவைக் கலந்து, தார்ப்பாயில் பரப்பிக் கோயில் வாசலில் வைத்தேன். பூசாரி உலு யாமிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அதுவரை விதை வெயிலில் கிடந்தது. அந்த விதை மஞ்சள் பாதிக்குப் போனது. மறுநாள் பூசை இல்லை. கொட்டகை நிழலில் கலந்து உடனே விதைத்தோம்.

இரண்டு கொடிகளோடு கொட்டகைக்குத் திரும்பினேன்.

"என்னா கிராணியாரே, கீரை பறிக்கப் போயிட்டீங்களா?" என்றார் மண்டோர்.

"உரம் போட்டுத்தான் இருக்கு. வேரப் பாருங்க. இதுல முடிச்சு இல்ல. வெதையிலதான் கோளாறு."

"எந்த வெத? முனியாண்டி காலடியில வச்ச வெதையா?"

உதைத்துக்கொண்டிருந்த இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவன் கையில் செம்பனை மட்டை வெட்டும் அரிவாள் இருந்தது.

"யாருய்யா கலந்தா அத?" என்றான் அவன்.

நான் கொடிகளைக் கீழே போட்டேன். கீழே கிடந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாயிலிருந்து இரத்தம் நூலாகத் தொங்கியது. "சொல்லுங்கய்யா" என்றார். மண்டோர் கையை இன்னொரு முறை முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த மட்டை ஒடிவது போல, எல்லோருக்கும் கேட்டது.

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தார். முறிந்த கையை ஒரு முறை பார்த்துவிட்டு, விதையில் ஏதாவது தவறு உண்டா என்று என்னிடம் கேட்டார். கொடிகள் என் காலடியில் மிதிபட்டுக் கிடந்தன.

"இல்லை" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒரு லோரி, கை முறிந்தவரின் சாமான்களையும் நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ராசா என்ற ஊர்ப் பக்கம் போனது. மஞ்சள் பாதிக்கு யூரியா தூவ வந்த புது ஆளுக்கு அந்த வீட்டைக் கொடுத்தார்கள்.