பள்ளம் காட்டியவனின் கண்ணாடி

எழுத்துகளை அறிவதில் எனக்கு ஒரு செருக்கு உண்டு. கல்லூரியில் தமிழ் கற்பிப்பதோடு, பிறர் நூல்களின் அச்சுப்படிகளைத் திருத்துவதும் என் வேலை. வரியின் ஓரத்தில் பதுங்கியிருக்கும் பிழையை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவேன் என்று பதிப்பகத்தார் சொல்வதுண்டு; அவர்கள் சொல்லாத நாள்களில் நானே சொல்லிக்கொள்வேன். இப்படிப்பட்டவனைக் கண் பரிசோதனை அட்டையின் முன் உட்காரவைத்து, கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டால் அவன் தெரியவில்லை என்பானா? நான்கு ஆண்டுகள் நான் தெரிகிறது என்றே சொன்னேன்.

செங்கல்பட்டில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் கண்ணாடிக் கடையில் ஒரே அட்டைதான் நெடுங்காலமாகத் தொங்குகிறது. முறை வரும்வரை அதற்குப் பக்கத்துப் பலகையில் காத்திருக்க வேண்டும். கண்ணில் படுவதையெல்லாம் திருத்தும் நோக்கோடு படிப்பது என் தொழில் தந்த நோய். படித்த வரி மறப்பதுமில்லை. ஆகவே, என் கண்ணாடியைக் கழற்றிச் சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டு, அங்கே பணிபுரியும் பெண் படிக்கச் சொன்னதும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தங்குதடையின்றி ஒப்பித்துவிடுவேன். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் சிறிதும் எழுந்ததில்லை. இன்ன எழுத்து என்று தெரிந்துவிட்டபின் அது கண்ணுக்கும் தெரியவே செய்தது. இந்த வயதில் பவர் மாறாமலிருப்பது அபூர்வம் என்று அந்தப் பெண் வியப்பார். நான் அடக்கமாகத் தலையசைப்பேன்.

ஞாயிறுதோறும் விடிந்ததும் நாங்கள் மூவர் மிதிவண்டியில் மாமல்லபுரம் போவோம்: நான், என் மனைவி, எங்களுக்கு வண்டிகளை விற்ற சைக்கிள் கடைக்காரர். மனைவி கணித ஆசிரியை. ஐம்பது வயதில், எங்கள் கல்லூரித் திடலில், என்னைப் பிடித்துக்கொண்டு மிதிக்கக் கற்றவர். அவருடைய பள்ளிக்கும் என் அச்சுப்படிகளுக்கும் இடையே வாரத்தில் எங்களுக்கு வாய்ப்பது அந்த ஐந்து மணி நேரம்தான். முன்னால் நான் போவேன். மூத்தவன் என்பதால் அந்த இடத்தை நானே எடுத்துக்கொண்டேன். முன்னால் போகிறவருக்கு ஒரு கடமை உண்டு. இடப்பக்கம் பள்ளம் வந்தால் இடக்கையையும், வலப்பக்கம் வந்தால் வலக்கையையும் தாழ்த்திக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து மறுபக்கம் விலகுவார்.

இக்கடமையில் நான் தடுமாறத் தொடங்கியது எனக்கே தெரிந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டிச் சவுக்குத் தோப்புகளின் நிழல் சாலையில் விழும் இடங்களில் நிழல் பள்ளமாயிற்று, பள்ளம் நிழலாயிற்று. ஆனால் பவர் மாறவில்லை என்று கடையிலேயே சொல்லியாயிற்றே. எனவே குற்றம் கண்ணில் இல்லை, கண்ணாடியின் வகையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்போது நான் அணிந்திருந்தது சாதாரணக் கண்ணாடி. வியர்வையில் அது மூக்கின் நுனிக்கு வழுக்கி வந்துவிடும். அதைக் காரணமாக்கி, தூரத்துக்கும் படிப்புக்கும் ஒன்றாக உதவும் புரோகிரசிவ் கண்ணாடிக்கு மாறினேன். அதன் அடிப்பகுதி புத்தகத்துக்கானது. முன்சக்கரத்தை ஒட்டிய சாலையை நான் அந்த அடிப்பகுதி வழியாகவே பார்த்தேன். சாலை அலையாடியது. கழுத்தைத் தாழ்த்தி மேற்பகுதி வழியாகப் பார்த்தால் வானம் தெரியவில்லை; வானம் தேவையில்லைதான், ஆனால் எதிரே வரும் பேருந்து தேவைப்பட்டது.

அடுத்தது கண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் வில்லை. அதை மாட்டிக்கொள்ள நான் கற்ற விதத்தை விரித்து எழுத மாட்டேன். விரல் அருகே வந்ததும் இமை மூடிக்கொள்ளும். அரை மணி நேரம் என் கையும் என் கண்ணும் ஒன்றையொன்று நம்ப மறுத்தன. ஒருவழியாக மாட்டிக்கொண்டு போன ஞாயிறன்று, மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களின் கல்தூளும் கடற்காற்றும் சேர்ந்து ஒரு வில்லையைத் தேநீர்க் கடை வாசலில் உதிர்த்தன. என் மனைவியும் கடைக்காரரும் குனிந்து தேடினார்கள். நான் ஒற்றைக் கண்ணோடு வழிநடத்தி வீடு திரும்பினேன்.

கண்ணாடியே வேண்டாமலாக்கும் லேசர் அறுவை சிகிச்சையையும் விடவில்லை. ஒரு கண் மருத்துவமனையில் படிவத்தை நிரப்பி நீட்டியதும், அதை வாங்கிய பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "சிகிச்சை உங்களுக்கா சார், பையனுக்கா?" என்று கேட்டார். மருத்துவரைப் பாராமலே எழுந்து வந்துவிட்டேன். பார்த்திருந்தால் உண்மை அன்றே வெளிப்பட்டிருக்கும். புரோகிரசிவும் வில்லையும் நான் ஒப்பித்துப் பெற்ற அதே பழைய எண்ணில் செய்யப்பட்டவை என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு பழைய சாதாரணக் கண்ணாடியோடு போனேன். சவுக்குத் தோப்பு முடிந்து முதல் சிற்பக் கூடம் தொடங்குமிடத்தில், வாசலில் துதிக்கை செதுக்கப்படாத கல்யானை ஒன்று நிற்கும். அதன் முன்னே கரிய வடிவம் ஒன்று தெரிய, இடக்கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு மேலே சென்றேன். பின்னால் இரும்பு மோதும் ஓசை. நான் திரும்பி வருவதற்குள் கடைக்காரர் வண்டியைத் தூக்கி யானைமேல் சாய்த்திருந்தார். மனைவி சாலையோரம் உட்கார்ந்து முழங்கைக் காயத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வளைந்த கைப்பிடியை நிமிர்த்தியபடியே என்னைப் பார்த்தார். "சார், பள்ளம் கீற எடத்துல கை காட்டணும். நீங்க காட்டிட்டீங்கன்னு அது அங்க வந்து குந்திக்காது."

மனைவி சொன்னார்: "என் முன்னாடி ஒக்காந்து கண்ண டெஸ்ட் பண்ணிக்குங்க. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை நான் வரல."

அவர் வராத ஞாயிறு எனக்கு வெறும் உடற்பயிற்சி. மறுநாள் மாலையே கடைக்குப் போனோம். மனைவி மூலையில் ஒரு முக்காலியில் அமர்ந்தார். அந்தப் பெண் சோதனைச் சட்டத்தை மாட்டி, என் வலக்கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடினார். நான் இடக்கண்ணால் ஒப்பித்தேன். பிறகு இடக்கண்ணை மூடினார். வலக்கண்ணைத் திறப்பதற்குள் வாசலில் யாரோ அழைக்க, திரும்பி ஒரு சொல் பேசினார். எனக்கோ ஆர்வம். காத்திராமல் தொடங்கிக் கடைசி வரிவரை படித்து முடித்தேன். இருட்டாக இருந்தது உண்மைதான். அறை விளக்கை அணைத்துவிட்டார் போலும் என்று எண்ணினேன். அணைத்தபின் எப்படிப் படிக்கிறேன் என்ற ஐயம் எனக்கு எழவில்லை.

"சார்," என்றார் அந்தப் பெண் மெல்ல, "ரெண்டு கண்ணும் மூடியிருக்கு."

மூலையிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பை அதற்குமுன் எங்கள் திருமணத்தன்றுதான் கேட்டிருக்கிறேன். அன்றும் நான்தான் ஏதோ செய்திருந்தேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேசையின் கீழறையிலிருந்து வேறோர் அட்டையை எடுத்து மாட்டினார். எழுத்தறியாதவர்களுக்காக வைத்திருக்கும் அட்டை அது. அதில் இருப்பது ஒரே வடிவம். மூன்று கால் நீட்டிய அது மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி நிற்கும். கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று கையால் காட்டினால் போதும். முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவன் கையை உயர்த்திக் காட்டத் தொடங்கினேன். ஊகிக்க அதில் ஒன்றுமில்லை. முதல் வரியில் எப்படியோ தப்பித்தேன். மூன்றாம் வரியில் இடம் என்றதெல்லாம் வலமாயிற்று. நான்காம் வரியில் கையைத் தொங்கவிட்டு, தெரியவில்லை என்றேன். அந்தக் கடையில் நான் அச்சொல்லைச் சொன்னது அதுவே முதல்முறை.

பவர் நன்றாகவே ஏறியிருந்தது. மிதிவண்டிக்கு என்ன வகை ஏற்றது என்று, நான் ஆராய்ந்தவற்றையெல்லாம் வரிசையாக எடுத்துரைத்துக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி, லேசான சட்டம், மூக்கில் ரப்பர், பின்னந்தலையில் ஒரு பட்டை, அவ்வளவு போதும் என்றார். சரியான எண்ணில் செய்தால் சாதாரணக் கண்ணாடியே சாலையைக் காட்டிவிடுமாம். படிக்க வேண்டுமானால் பையில் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளில் போகும்போது என்ன படிக்கப்போகிறேன் என்று கேட்டார்.

புதுக் கண்ணாடி வந்த ஞாயிறு மனைவியும் வந்தார். அந்தச் சாலையில் இத்தனை பள்ளங்களா என்று திகைத்தேன்; இத்தனை நாள் உயிரோடிருந்ததே வியப்பாயிற்று. இரு கைகளையும் மாற்றி மாற்றித் தாழ்த்தியவாறு சென்றவன், கல்யானை அருகே வந்ததும் பிரேக்கைப் பிடித்தேன். பள்ளம் அங்கேயேதான் இருந்தது, சாலையின் இடப்பக்கத்தில். அன்று நான் காட்டியதும் இடப்பக்கம்தான்.

"அன்னிக்கு நான் சரியாத்தானே காமிச்சேன்?" என்றேன்.

மனைவி முழங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஆமா. அன்னிக்குன்னு பார்த்து சரியா காமிச்சிட்டீங்க."

"அப்புறம் எப்படி விழுந்த?"

அவர் கடைக்காரரைப் பார்க்க, கடைக்காரர் தம் வண்டிச் சங்கிலியைப் பார்த்தார். அன்று பழியை என்மேல் போட்டதை இனி ஒளிப்பதற்கில்லை என்று தெரிந்ததும், "நான்தான் சொன்னேன் சார்," என்றார். "டீச்சர், சார் கை காட்ற பக்கமே ஓட்டிக்கினு போங்க, அதான் சேஃப்டின்னு. ஒரு வருசமா அப்டிதான் போய்க்கினு இருந்தோம். ஒரு நாளும் பேஜாரு இல்ல."

அதாவது, ஓராண்டாக என் தவற்றின் மீது முழு நம்பிக்கை வைத்து இருவர் என்னைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். நான் தற்செயலாகச் சரியாகிவிட்ட ஒரே நாளில் ஒருவர் காயப்பட்டிருக்கிறார். இதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

"இனிமே காட்டற பக்கத்த நம்பலாமா?" என்றார் மனைவி.

நம்பலாம் என்றேன், பாடம் நடத்தும் குரலில் அல்ல. கிளம்பினோம். சிறிது தொலைவில் வலப்பக்கம் ஒரு பள்ளம், ஐயத்துக்கு இடமின்றி வலப்பக்கம். வலக்கையைத் தாழ்த்தினேன். திரும்பிப் பார்க்காமல் செவியை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டேன். மனைவியின் சக்கர ஓசை இடப்பக்கமாக விலகி, சீராக என்னைத் தொடர்ந்தது.

கடைக்காரருக்குப் பழக்கம் விடவில்லை. நான் காட்டிய பக்கமே போய்ப் பள்ளத்தில் இறங்கி ஏறினார். அப்போது அவர் சொன்னவற்றை நான் அச்சுக்குக் கொடுப்பதற்கில்லை.